பத்துப் பேர் ஆகுமட்டும்

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க்குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க எழுத்தில் தரப்படுகின்றது.)

 

நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் அல்லன். உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஊரும் மாறி, நாடும் மாறி, இப்போது ஒரு பக்டரியில் பெட்டி அடுக்குகின்ற வேலை. ஆகவே இலக்கியமோ தத்துவமோ என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். என்னோடு வேலை செய்கின்ற ஒருவர் சொல்லி நான் அறிந்த ஒரு கதையை, பிறகு நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு கதையை, உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கின்றேன். கதை நடந்த இடம் பர்மா. கதையின் பொருள் ஒரு சின்னஞ்சிறு பப்டிஸ்ட் சபை தொடங்கின விதம்.

இதைச் சொன்னவுடன் முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தது எனக்குத் தெரிகின்றது. பயப்பட வேண்டாம். நான் சைவக்காரன். நல்லூரான் வீதியில் புழுதி குடித்து வளர்ந்தவன். நாவலர் பெருமான் பிறந்த ஊரவன் மதம் மாற்ற மேடை ஏற மாட்டான். ஆனால் நல்ல பாடம் எந்த வாசலால் வந்தாலும் படிக்கலாம். நாவலரே மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, வேதாகமத்தைத் தமிழாக்குகின்ற வேலையிலும் இருந்துவிட்டுத்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் றங்கூனில், இப்போது யாங்கோன் என்று சொல்லுகின்ற நகரத்தில், தாமுவே என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவர். நகரைச் சுற்றி ஓடுகின்ற வட்ட ரயில் நிற்கும் ஒரு ஸ்ரேசன் அங்கே உண்டு. 1974 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக இருந்த ஊ தாண்டின் உடல் அந்தப் பக்கத்தில் உள்ள பழைய குதிரைப் பந்தய மைதானத்தில்தான் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அங்கிருந்துதான் மாணவர்கள் பெட்டியைப் பறித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அவரோ ஒரு தமிழர். நாலாவது தலைமுறை. 2021இல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் நாட்டை விட்டு வெளியேறி, எங்களைப் போலவே அகதி விண்ணப்பம் போட்டு இங்கே வந்து சேர்ந்தார். என்னை "அண்ணே" என்பார். நான் "தம்பி" என்பேன். அவருடைய தமிழில் ராமநாதபுரமும் பர்மாவும் கலந்திருக்கும். என்னுடையதில் யாழ்ப்பாணம். முதல் ஒரு மாதம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் பாதி விளங்கியும் பாதி விளங்காமலுந்தான் கதைத்தோம்.

தமிழ் பேசுவார். ஆனால் எழுத வாசிக்கத் தெரியாது. அதற்கு ஒரு காரணம் இருக்கின்றது. 1931 குடிசன மதிப்பின்படி றங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். தமிழரும் தெலுங்கரும் வங்காளிகளும் நெல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கடைகளிலும் நிறைந்திருந்தார்கள். 1941 டிசம்பரில் யப்பான்காரன் குண்டு போட்டான். 1942இல் இலட்சக்கணக்கானோர் கால்நடையாய் இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். பிறகு 1962இல் இராணுவ ஆட்சி. 1964இல் கடைகள் எல்லாம் தேசியமயம். வெறுங்கையோடு கப்பல் ஏறினவர்கள் சென்னையில் பர்மா பஜார் போட்டார்கள். தனியார் பள்ளிக்கூடங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. மிஞ்சின தமிழருக்குக் கோயிலிலும் தேவாலயத்திலும் பின்னேரத்தில் சொல்லிக் கொடுத்த தமிழ்தான் தமிழ். இந்தத் தம்பியின் தகப்பனுக்கு அது கிடைத்தது. தம்பிக்குக் கிடைக்கவில்லை.

சபையோரே, இதை ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

அவர் வீட்டில் பப்டிஸ்ட் மதம். ஒரு நாள் நான் பகிடியாகக் கேட்டேன், "பர்மாவில எல்லாரும் புத்த சமயம். நீங்கள் எப்பிடித் தம்பி இதுக்குள்ள வந்தியள்?" என்று. அவர் பாணைப் பிய்த்துக்கொண்டே சொன்னார், "அண்ணே, எங்க ஊர்ல சர்ச்சுக்குப் போற பிள்ளைங்க எல்லாத்துக்கும் இந்தக் கதை தெரியும். ஆறு வருசம் ஒருத்தனும் வரல. ஆறு வருசம் கழிச்சு ஒரே ஒரு ஆள் வந்தான். அவன் நம்மள மாதிரிக் கூலிக்காரன்." அந்த ஒரு வசனந்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

1812 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து கரவன் என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் இரண்டு இளம் மிசனரித் தம்பதிகள். ஒருவர் அடோனிராம் ஜட்சன், மனைவி ஆன். மற்றவர் சாமுவேல் நியூவல், மனைவி ஹரியற். நால்வரையும் அனுப்பியது அமெரிக்கன் போர்ட் என்ற மிசன் சங்கம். வட்டுக்கோட்டை, உடுவில், தெல்லிப்பழை, மானிப்பாய் ஆட்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அந்தச் சங்கந்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலையும் தொடங்கின அமெரிக்கன் மிசன்.

கல்கத்தாவில் ஜட்சனும் மனைவியும் பப்டிஸ்ட் கொள்கைக்கு மாறி, 1812 செப்ரெம்பரில் லால் பஜார் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அத்தோடு அனுப்பின சங்கத்தோடு உறவு அறுந்தது. கையில் காசும் இல்லை, பின்னால் ஆளும் இல்லை. போதாததற்குக் கிழக்கிந்தியக் கம்பனி இவர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லிக் கட்டளை போட்டது. ஒளித்து ஒரு கப்பலில் ஏறி மொறீசியஸ் தீவுக்குப் போனார்கள். முன்னதாக அங்கே போய்ச் சேர்ந்திருந்த ஹரியற், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நோயில் இறந்திருந்தாள். தனித்துப் போன நியூவல் 1813இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் மிசன் வேலைக்கு நல்ல இடம் இருக்கின்றது என்று அவர் எழுதி அனுப்பியதன் பேரில்தான் பின்னாளில் அமெரிக்கன் மிசன் எங்களூருக்கு வந்தது. ஒரே கப்பலில் வந்த இரண்டு வீட்டார். ஒரு வீட்டாரால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள். மற்ற வீட்டாரால் பர்மாவின் சபை.

ஜட்சன் தம்பதிகள் 1813 யூன் மாதம் சென்னைப் பட்டினத்துக்கு வந்தார்கள். அங்கும் கம்பனி ஆட்சிதான். பிடித்தால் திருப்பி அனுப்புவான். சுணங்காமல் ஏதாவது ஒரு கப்பலில் ஏற வேண்டும். துறையில் நின்ற கப்பல்களை விசாரித்தால், புறப்பட இருந்தது றங்கூனுக்குப் போகின்ற கப்பல். அவர்கள் றங்கூனுக்குப் போகப் பயந்தவர்கள். ஆனாலும் ஏறினார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிரித்தேன். எங்களில் எத்தனை பேர் இந்த நாட்டுக்கு வரவேண்டும் என்று தெரிந்தெடுத்து வந்தோம்? எந்த வழி திறந்ததோ அந்த வழியால் வந்தோம். ஏஜென்சிக்காரன் ஒரு நாட்டைச் சொல்லி இன்னொரு நாட்டில் இறக்கிவிட்டான். ஆனால் வெள்ளைக்காரன், அமெரிக்கன், வேதம் படித்தவன், அவனுக்கும் அதே கதிதான்.

கப்பலில் ஆனுக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. 1813 யூலை 13ஆம் திகதி றங்கூனில் இறங்கினார்கள். அப்போதைய றங்கூன் ஆற்றங்கரையில் மரவேலி சூழ்ந்த ஒரு சின்னத் துறைமுகப் பட்டினம். அரசன் இருந்ததோ வடக்கே வெகு தூரத்தில். தாமுவே எல்லாம் அந்த மரவேலிக்கு வெகு வெளியே. இவர்கள் தங்கினதும் வேலிக்கு வெளியே, பிணம் சுடுகின்ற இடத்துக்கும் குற்றவாளிகளைக் கொல்லுகின்ற இடத்துக்கும் கிட்ட இருந்த ஒரு வீட்டில்.

அந்த வீட்டுக்கும் எங்கட நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கின்றது. அது செரம்பூர் பப்டிஸ்ட் மிசனைச் சேர்ந்த ஜேம்ஸ் சற்றர், பீலிக்ஸ் கேரி என்ற இருவரின் மிசன் வீடு. இவர்கள் 1807இலேயே றங்கூனுக்கு வந்தவர்கள். சற்றர் சில வருடம் முயன்று பார்த்துவிட்டு, 1812இல் கொழும்புக்கு வந்து இலங்கையில் பப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார். 1815இல் சிங்கள இலக்கணப் புத்தகமும் அச்சிட்டார். பீலிக்ஸ் கேரி பர்மாவில் அம்மைப்பால் கட்டுகின்ற வைத்தியத்தைக் கொண்டுவந்து பேர் எடுத்தவர். ஜட்சன் வந்தபோது அவரும் வீட்டில் இல்லை. தலைநகரில் இருந்தார். ஆக, முதல் வந்தவர்கள் ஆறு வருடம் இருந்தும் பர்மியச் சபை ஒன்று எழும்பவில்லை. ஒருவர் கொழும்பு, மற்றவர் அரசவை, வீடு மட்டும் நின்றது.

ஜட்சன் அந்த வீட்டில் இருந்துகொண்டு பாஷை படித்தார். நாள் முழுக்க ஒரு பர்மியப் பண்டிதருக்கு முன்னால் இருந்து சுட்டிக் காட்டிப் பேர் கேட்டுப் படித்த படிப்பு. 1815இல் ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. எட்டு மாதத்தில் அதுவும் போய்விட்டது. 1816இல் செரம்பூரிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் வந்தது. சிறு பிரசுரம் போட்டார்கள். ஆனால் ஆள் மட்டும் வரவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம். அமெரிக்காவில் காசு சேர்த்து அனுப்பினவர்கள், என்ன நடக்கிறது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்காமலா இருந்திருப்பார்கள்? எங்கட பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எழும்புகின்ற கேள்விகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

பிறகு ஜட்சன் ஒரு வேலை செய்தார். பர்மாவில் வழிப்போக்கர் தங்குவதற்கு றோட்டோரத்தில் சயாத் என்று ஒரு மடம் இருக்கும். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிறவர் ஏறி இருந்து களைப்பாறுவார். அங்கே சமயம் கதைப்பதும் வழக்கம். ஜட்சன் தேவாலயம் என்று கோபுரம் வைத்துக் கட்டவில்லை. பெரிய பகோடாவுக்குச் சனம் போகின்ற பாதையில் ஒரு சயாத் கட்டினார். இருபத்தேழு அடி நீளம், பதினெட்டு அடி அகலம். மூன்று பகுதி. முன்பகுதி மூங்கிலும் ஓலையும். கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, றோட்டைப் பார்த்து முழுக்கத் திறந்தது. நடுப்பகுதி பலகை அடித்து வெள்ளை பூசின அறை. பின்பகுதி மிசன் வீட்டுத் தோட்டத்துக்குப் போகின்ற நடை. அவ்வளவுதான்.

1819 ஏப்ரில் 4ஆம் திகதி, எங்கள் சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களுக்கு முன், அதில் முதல் முறையாகப் பர்மிய மொழியில் வழிபாடு நடந்தது. பர்மியருக்கும் அதே காலத்தில்தான் புது வருடம். தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள் என்று தம்பி சொல்லுவார். அன்று வந்தவர்கள் பிள்ளைகளை விட்டுப் பதினைந்து பேர். அவர்களும் பக்கத்து வீட்டுச் சனம்.

அந்த மாதக் கடைசியில் மவுங் நௌ என்ற ஒரு மனிதன் சயாத்துக்குள் வந்து ஒரு மூலையில் இருந்தான். பேசவில்லை. அடுத்த நாளும் வந்தான். வயது முப்பத்தைந்து. குடும்பம் இல்லை. பெரிய படிப்பாளியும் இல்லை. ஏழை. உடம்பை முறித்து வேலை செய்துதான் சாப்பிட வேண்டும். 1819 யூன் 27ஆம் திகதி பக்கத்தில் இருந்த ஒரு பெரிய குளத்தில், கரையில் ஒரு மாபெரும் புத்தர் சிலை பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. ஜட்சன் வந்து இறங்கி ஏறக்குறைய ஆறு வருடம். தம்பி சொன்ன அந்தக் கூலிக்காரன் இவன்தான்.

அதோடு எல்லாம் வெற்றி என்று நினைக்க வேண்டாம். இனித்தான் கதை. சயாத்துக்கு வந்து போன படித்தவர் ஒருவரைப் பற்றி ஆளுநரிடம் கோள் போனது. சனம் வருவது நின்றது. அடுத்த இரண்டு பேர், மவுங் தாலாவும் மவுங் பியாவும், அந்த வருடம் நவம்பரில் பொழுது சாய்கின்ற நேரத்தில்தான், ஊர்க்கண் படாமல் ஞானஸ்நானம் பெற்றார்கள். புதிதாகப் பட்டத்துக்கு வந்த பாஜிடா அரசனிடம் அனுமதி கேட்போம் என்று ஜட்சனும் கோல்மன் என்ற இன்னொரு மிசனரியும் படகில் வடக்கே போனார்கள். 1820 சனவரியில் அரசன் மனுவை வாங்கிப் பார்த்தான். கூடக் கொடுத்த பிரசுரத்தில் முதல் சில வரியை வாசித்தான். கையிலிருந்து கீழே விழ விட்டான். பேச்சு முடிந்தது. அகதி அலுவலகத்தில் நிராகரிப்புக் கடிதம் வாங்கினவர்களுக்கு அந்தத் தாள் நிலத்தில் விழுகின்ற சத்தம் கேட்கும்.

திரும்பி வந்த ஜட்சன் தன்னோடு சேர்ந்த மூன்று பேரையும் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். அரசன் மறுத்துவிட்டான். இனி இங்கே இருந்தால் உங்களுக்குத்தான் ஆபத்து. நாங்கள் றங்கூனை விட்டுப் பிரித்தானியர் ஆளுகின்ற சிற்றாகொங் பக்கம் போகப் போகின்றோம் என்று. மூன்று பேரும் பயந்து ஓடுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். அவர்கள் ஓடவில்லை. இரண்டு பேர் தாங்களும் கூட வருவோம் என்றார்கள். மவுங் பியா குடும்பஸ்தன், வர முடியாது. அவர் சில நாளில் தன் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு கணக்கோடு கேட்டார். இப்போது போகாதேயுங்கோ. எட்டுப் பேர், பத்துப் பேர் ஆகுமட்டும் இருங்கோ. பிறகு எங்களுக்குள் ஒருவனை மற்றவர்களுக்குப் படிப்பிக்க வைத்துவிட்டுப் போங்கோ. பிறகு நீங்கள் இல்லாவிட்டாலும் இது நிற்கும். அரசனாலும் நிற்பாட்ட ஏலாது. இப்போது போனால் நான் தனித்துப் போவேன். இதுதான் அவர் சொன்னதன் கருத்து.

சபையோரே, நான் இந்தக் கதையில் படித்த பாடம் இந்த இடத்திலேதான் இருக்கின்றது. புத்தகங்களில் இந்தச் சபையைத் தொடங்கினவர் ஜட்சன் என்றுதான் இருக்கும். கப்பலில் வந்தவர், பாஷை படித்தவர், மடம் கட்டினவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரே மூட்டை கட்டிவிட்டார். மூடப் போனதை மூட விடாமல் பிடித்தவர்கள் அந்த ஊர்ச் சனம். காசில்லாத, பதவியில்லாத மூன்று நாலு பேர். எனது சிற்றறிவுக்கு எட்டிய மட்டில் அந்தச் சபை தொடங்கின நாள் கப்பல் வந்த நாள் அல்ல. முதல் ஞானஸ்நான நாளும் அல்ல. "போகாதேயுங்கோ, பத்துப் பேர் ஆகட்டும்" என்று கேட்ட அந்த நாள்.

ஜட்சன் தம்பதிகள் நின்றார்கள். ஆபத்துக்கு ஒதுக்கிடம் தேட வேண்டும் என்று கோல்மன் மட்டும் சிற்றாகொங் பக்கம் போய், 1822இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அரசன் மறுத்த பிறகு, பயம் கூடின பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். 1820 யூலை 18ஆம் திகதி பத்தாவது ஆள் சேர்ந்தார். அவர் ஒரு பெண். மா மென்லா என்று பெயர். அந்தச் சபையின் முதல் பெண். மவுங் பியா கேட்ட பத்து ஆறு மாதத்துக்குள் நிறைந்தது. அந்த மா மென்லா பிறகு செய்ததைக் கேளுங்கள். ஒருவரும் சொல்லாமல் தன் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்து, பையன்களுக்கு ஒரு வாத்தியாரும் பெட்டைகளுக்கு ஒரு ஆசிரியையும் பிடித்து விட்டார்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் யுத்தம் வந்தது. மே மாதம் றங்கூன் ஆங்கிலப் படையிடம் விழுந்தது. ஜட்சன் ஒற்றன் என்று தலைநகரில் சிறையில் போடப்பட்டு ஏறக்குறைய ஒன்றரை வருடம் விலங்கில் கிடந்தார். ஆன் அவர் மொழிபெயர்த்து வைத்திருந்த வேதாகமக் கையெழுத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினாள். 1826இல் அவளும் இறந்தாள். றங்கூனில் அப்போது பதினெட்டுப் பேராக இருந்த சபை யுத்தத்தில் சிதறிப் போனது. ஜட்சன் திரும்பி றங்கூனில் இருக்கவில்லை. தெற்கே ஆங்கிலேயர் பிடித்த பகுதிக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பதினெட்டில் ஒருவர், கோ தா ஆ என்ற முதியவர், யுத்தம் முடிந்தபின் தான் இருந்த இடத்தில் ஒருவரும் கேட்காமல் சனத்தைக் கூட்டி வைத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தார். கூட்டின ஆட்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்க மவுல்மெயினுக்குப் போனார். போன மனிசனை அவர்கள் 1829 சனவரியில் போதகராகவே அபிஷேகம் செய்து, றங்கூன் சபையை அவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். எங்களுக்குள் ஒருவனை வையுங்கோ என்று மவுங் பியா கேட்டது ஒன்பது வருடத்தில் நடந்தது. 1834இல் ஜட்சன் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். இன்று அந்த நாட்டில் பப்டிஸ்ட் சனம் பத்து இலட்சத்துக்கு மேல். பெரும்பாலும் கரேன், கச்சின், சின் இனத்தவர். தமிழரும் தெலுங்கரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் றங்கூனில் அதில் சேர்ந்தார்கள். தம்பியின் பூட்டன் காலம் அது. 1966இல் அரசாங்கம் வெளிநாட்டு மிசனரிமாரை எல்லாம் நாட்டை விட்டு அனுப்பியபோதும் சபைகள் மூடவில்லை. ஊர்ப் போதகர்கள் இருந்தார்கள்.

இனி மூலையில் வைத்ததை எடுப்போம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்போது ஒன்பது பிள்ளைகள். ஒரு காலத்தில் நாற்பதுக்கு மேல் இருந்ததாம். இரண்டு குடும்பம் வேறு நகரத்துக்கு மாறிவிட்டது. பெரிய பிள்ளைகளுக்கு ரியூசன், உதைபந்து. மண்டப வாடகை கூடிவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளாவது இல்லாவிட்டால் கோடை விடுமுறையோடு வகுப்பை நிறுத்துவது என்று நிர்வாகக் குழுவில் ஒரு யோசனை. வருகின்ற பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. யோசனை சொன்னவர்களில் நான் குறை காண மாட்டேன். கணக்குப் புத்தகம் அவர்கள் கையில் இருக்கின்றது, கஷ்டம் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வகுப்புத் தொடக்கத்தில் பதிவு மேசையில் இருந்தவன் நான். தாமுவேத் தம்பி தன் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பிள்ளைகளுக்குத் தலை சீவி, வெளிக்கிடுத்தி, புதுக் கொப்பியும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்திருந்தார். படிவத்தில் பிறந்த நாடு என்று ஒரு கோடு. எங்கள் யாப்பில் இலங்கைத் தமிழ் அகதிகளும் குடும்பத்தினரும் என்று இருக்கின்றது. நான் படிவத்தைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "தம்பி, இது எங்கட ஆட்களுக்கு எண்டு இருக்கு. கொமிற்றியைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். "சரிண்ணே" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் கொமிற்றியைக் கேட்கவில்லை. மறந்தும் போனேன், கூச்சமாயும் இருந்தது. அவரும் பிறகு கேட்கவில்லை. அடுத்த நாளும் சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினார். அந்தக் கிழமைதான் எனக்கு அந்தக் கூலிக்காரன் கதையைச் சொன்னார். குத்திக் காட்டச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் குணம் இல்லை. எனக்குத்தான் படிக்கப் படிக்கக் குத்தியது. அந்தச் சயாத்தின் முன்பகுதிக்குக் கதவே இல்லை. நாங்களோ ஒரு படிவத்தில் கோடு போட்டு அடைத்து வைத்திருக்கின்றோம். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டாம் என்று ஓடுகிறார்கள் என்று அழுகின்றோம். தமிழ் வேண்டும் என்று வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புகின்றோம். நாலு தலைமுறைக்கு முன் கப்பல் ஏறிப் போனவன், பள்ளிக்கூடம் பறிபோன பிறகும் பேச்சை விடாமல் வைத்திருந்தவன், எங்களுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் என்னவாகும் என்று பார்க்க வேண்டுமென்றால் அவனைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு இது முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை. நாலாம் தலைமுறையில் எத்தனை பேர் ஒரு பதிவு மேசைக்கு முன்னால் கொப்பியோடு வந்து நிற்கப் போகின்றார்கள்?

ஆகவே நான் இரண்டு விஷயத்தைத் தாழ்மையோடு கேட்கின்றேன். ஒன்று, யாப்பில் அந்த வசனத்தைத் திருத்தி, தமிழ் வகுப்புக்கு எந்த நாட்டுத் தமிழ்ப் பிள்ளையும் வரலாம் என்று வைப்போம். சங்க உறுப்புரிமை வேறு, அதைப் பெரியவர்கள் ஆறுதலாக யோசிக்கட்டும். இரண்டாவது, வகுப்பை இப்போது நிறுத்த வேண்டாம். ஒரு வருடம் தாருங்கள். மண்டபம் கட்டுப்படியாகாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு ஹோலில் நடத்தலாம். மா மென்லா தன் வளவுக்குள் நடத்தின மாதிரி. என் வீட்டு ஹோல் சின்னனாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மாதான் கிடக்கின்றது. மனிசியைக் கேட்டுவிட்டுத்தான் சொல்லுகின்றேன்.

ஒன்பதும் இரண்டும் பதினொன்று. கொமிற்றி கேட்ட பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்று குறைகின்றது. அந்த ஒன்றை நீங்கள் யாராவது கூட்டிக்கொண்டு வாருங்கள்.